கணக்கு மாத்திரை

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், ஈஸ்ட் பிராவிடன்ஸ் என்ற ஊரில் 1930களில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை இருந்தது. அங்கே தங்கியிருந்த சிறுவர்கள், காலையில் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு மாத்திரைக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள்: கணக்கு மாத்திரை. அதை விழுங்கிய நாளில் கணக்குப் பாடம் ஓடியது. விழுங்காத நாளில் நின்றது. அந்தப் பெயருக்குள் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. ஏடிஎச்டி என்று இன்று நாம் சொல்லும் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறுக்கு ஊக்கி மருந்து கொடுக்கும் வழக்கம் அந்த மருத்துவமனையின் வகுப்பறையில்தான் தொடங்கியது. அந்த மருந்து பலன் தருமா, கெடுதல் செய்யுமா என்ற விவாதம் தொண்ணூறு ஆண்டுகளை நெருங்கியும் ஓயவில்லை. ஒரு தரப்பு அதை அற்புதம் என்கிறது. மறு தரப்பு குழந்தையின் கையில் பூட்டிய விலங்கு என்கிறது. இரு தரப்பும் மாத்திரையை மட்டுமே பார்ப்பதால்தான் இந்த வழக்கு முடியவில்லை என்பது என் வாதம். அந்த மாத்திரை பிறந்த இடத்தில் அதைச் சுற்றி இடைவிடாத ஒரு கவனிப்பு இருந்தது. மாத்திரை அந்த இடத்தைவிட்டு உலகெங்கும் போயிற்று. கவனிப்பு பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்டது. பலனுக்கும் கெடுதலுக்கும் பின்னால் வந்த சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பகுதி இந்தப் பிரிவைத்தான் சுட்டுகிறது.

அந்த மருத்துவமனை எழுந்த காரணத்திலிருந்து தொடங்க வேண்டும். ஜார்ஜ் பிராட்லி தொலைபேசித் தொழிலின் தொடக்க காலத்தில் பொருள் ஈட்டிய செல்வந்தர். அவருடைய ஒரே மகள் எம்மாவுக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பினாலும், வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தன. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று அன்று மருத்துவமனை எதுவும் இல்லை. தம் மகளுக்கு வந்த துன்பம் பிற குழந்தைகளுக்கு நன்மையாக முடியட்டும் என்று பெற்றோர் தம் சொத்தை எழுதிவைத்தார்கள். அதன்படி 1931-இல் எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் திறக்கப்பட்டது. குழந்தைகளின் நரம்பு, மனநலச் சிக்கல்களுக்கென்றே அமெரிக்காவில் அமைந்த முதல் மருத்துவமனை அதுதான். காலமும் அதற்கேற்றபடி இருந்தது. முதல் உலகப்போரின்போது தொடங்கி 1920களில் பரவிய உறக்க மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்த குழந்தைகள் பலர் அமைதியிழந்து, அடங்காமல், கவனம் நிலைக்காமல் மாறிப்போனார்கள். ஒழுக்கக்கேடு என்று வீட்டிலும் பள்ளியிலும் தண்டிக்கப்பட்ட நடத்தைக்கு மூளையிலும் காரணம் இருக்கலாம் என்று மருத்துவர்களை எண்ண வைத்தவர்கள் அந்தக் குழந்தைகளே. நிறுவனரின் உறவினரான சார்லஸ் பிராட்லி என்ற இளம் மருத்துவர் இந்த இல்லத்துக்குப் பொறுப்பேற்றபோது, அதன் சிகிச்சை முழுவதும் வாழும் சூழலை ஒழுங்குபடுத்துவதாகவே இருந்தது. செவிலியரும் ஆசிரியரும் மருத்துவரும் குழந்தைகளோடு இரவும் பகலும் இருந்தார்கள். உணவு, உறக்கம், விளையாட்டு, பாடம் எல்லாம் அவர்கள் கண்முன் நடந்தன, நடந்தவை எழுதிவைக்கப்பட்டன.

மாத்திரை அங்கே நுழைந்தது வேறொரு காரியத்துக்காக. அந்நாளில் மூளையைப் படம்பிடிக்க, முதுகுத்தண்டிலிருந்து நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அதற்குப் பிறகு குழந்தைகளுக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். பென்செட்ரின் என்ற பெயரில் அப்போது புதிதாக வந்திருந்த ஆம்ஃபெட்டமின், இழந்த மூளைநீர் விரைவில் ஊற உதவும் என்று பிராட்லி எதிர்பார்த்தார். தலைவலி குறையவில்லை. ஆனால் சில குழந்தைகள் பாடத்தில் திடீரென்று முனைப்புக் காட்டியதை ஆசிரியர்கள் கவனித்துச் சொன்னார்கள். பிராட்லி அதைத் தற்செயல் என்று தள்ளிவிடவில்லை. 5 முதல் 14 வயது வரையிலான 30 குழந்தைகளுக்கு (21 சிறுவர், 9 சிறுமியர்) ஒரு வாரம் அந்த மருந்தைக் கொடுத்தார். மருந்துக்கு முந்தைய நாட்களிலும், மருந்து உண்ட நாட்களிலும், நிறுத்திய பின்னும் அதே கண்கள் அவர்களைப் பார்த்தன. 1937 நவம்பரில் வெளியான கட்டுரையில் அவர் சொன்னது இது: 14 குழந்தைகளின் பள்ளி வேலை வியக்கத்தக்க அளவில் முன்னேறியது. மாற்றம் முதல் நாளே தெரிந்தது. மருந்தை நிறுத்திய நாளே மறைந்தது. 15 குழந்தைகளின் உணர்ச்சிக் கொந்தளிப்பு தணிந்தது. முன்னேற்றம் எல்லோருக்கும் கிட்டிவிடவில்லை என்பதையும் அவர் பதிவு செய்தார். ஆராயாமல் எல்லோருக்கும் கொடுத்து அறிகுறியை மட்டும் அடக்கினால், அந்த நடத்தைக்கு உண்மையான காரணம் என்ன என்பது மறைந்துபோகலாம் என்ற எச்சரிக்கையும் அதே கட்டுரையில் இருக்கிறது. மருந்தை முதலில் கண்டவரே அதன் எல்லையையும் முதலில் சொன்னார். முதலாவது பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். மருந்தின் பலனை முதலில் கண்டது ஆய்வுக்கூடம் அன்று, வகுப்பறை. நேற்றைய குழந்தையையும் இன்றைய குழந்தையையும் நன்கு அறிந்த ஒரு ஆசிரியர் இல்லாவிட்டால், அந்த மருந்து தலைவலிக்குப் பயன்படாத ஒன்றாகக் குப்பைக்குப் போயிருக்கும். குறைந்த நேரமே நிற்கும், அன்றன்று வந்து அன்றன்று போகும் பலனைக் காண்பதற்கு அன்றன்று பார்க்கும் கண் வேண்டும். வெளியுலகில் அப்படிப்பட்ட கண் இல்லாததாலோ என்னவோ, அடுத்த கால் நூற்றாண்டு பிராட்லியின் கண்டுபிடிப்பைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. குழந்தையின் நடத்தையைப் பெற்றோரின் உறவுச் சிக்கல்களில் தேடிய உளப்பகுப்பாய்வு அன்று அமெரிக்க மனநல மருத்துவத்தை ஆண்டது. மாத்திரைக்கு அதில் இடமில்லை. 1957-இல் இந்தக் குழந்தைகளின் நிலைக்கு ஒரு தனிப்பெயர் சூட்டி விவரித்த மாரிஸ் லாஃபரும் எரிக் டென்ஹாஃபும் அதே பிராட்லி இல்லத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்தும், பார்க்கும் பழக்கம் இருந்த இடத்திலேயே அடுத்த அடியும் வைக்கப்பட்டது.

மாத்திரையை வெளியே கொண்டுபோனது வேறொரு மருந்து. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் 1944-இல் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். அவர் மனைவி மார்கரிட்டின் செல்லப்பெயர் ரீட்டா. அதிலிருந்து ரிட்டலின் பிறந்தது. 1950களின் நடுவில் சந்தைக்கு வந்தபோது அது பெரியவர்களின் களைப்புக்கும் சோர்வுக்குமான மருந்து. 1960களின் தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லியான் ஐசன்பெர்க்கும் கீத் கானர்ஸும் அதைக் குழந்தைகளிடம் முறையாகச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து, மறு பகுதியினருக்கு வெற்று மாத்திரை, யாருக்கு எது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது என்ற கட்டுப்பாடு அப்போதுதான் இந்தத் துறைக்கு வந்தது. பிராட்லியின் ஆய்வில் அது இல்லை. அது அந்த ஆய்வின் மெய்யான குறை. கானர்ஸ் 1969-இல் வெளியிட்ட, ஆசிரியர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவம் என் பார்வையில் மருந்துக்கு நிகரான கண்டுபிடிப்பு. பிராட்லி இல்லத்து ஆசிரியரின் கண்ணை ஒரு தாளில் மடித்து எந்தப் பள்ளிக்கும் அனுப்பும் முயற்சி அது. ஆனால் மருந்துச்சீட்டை எழுதுவது எளிது; படிவத்தை அனுப்பி, நிரப்பி, திரும்பப் பெற்று, முந்தையதோடு ஒப்பிடுவது கடினம். எளிதானது பரவியது, கடினமானது ஆய்வுகளில் நின்றது.

கவனிப்பு பின்தங்கியதால் விளைந்த முதல் பிழை அறிவுப் பிழை. துள்ளும் குழந்தையை ஊக்கி மருந்து அமைதிப்படுத்துவது இயல்புக்கு மாறானது என்று பலர் எண்ணினார்கள். மற்றவர்களைத் துள்ள வைக்கும் மருந்து இவர்களை மட்டும் அடக்குகிறது, ஆகவே மருந்துக்கு அடங்கினால் நோய் இருப்பது உறுதி என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. 1978-இல் ஜூடித் ரப்பபோர்ட்டும் உடனாய்வாளர்களும் எந்தக் கோளாறும் இல்லாத 14 சிறுவர்களுக்கு ஒரே ஒரு முறை டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் உடலசைவு குறைந்து, கவனம் கூடிக் காணப்பட்டார்கள். மூளையின் முன்பகுதியில் டோபமின், நாரட்ரினலின் என்னும் செய்திப்பொருட்கள் நரம்பிணைப்பில் சற்று அதிகம் நிற்கும்படி இந்த மருந்துகள் செய்கின்றன. அது எல்லோருடைய மூளையிலும் நடப்பதுதான். எனவே மருந்து கேட்பதை வைத்து நோயை நிறுவ முடியாது. கவனிக்கும் கண் மங்கினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்குப் பின்னாளில் தெளிவான சான்று வந்தது. பள்ளியில் சேர செப்டம்பர் 1 எல்லைநாளாக உள்ள அமெரிக்க மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே இளையவராக இருக்கும் குழந்தைகளுக்கு, செப்டம்பரில் பிறந்து மூத்தவராக இருப்போரைவிட ஏடிஎச்டி என்ற முடிவு 34 விழுக்காடு அதிகமாகச் சொல்லப்பட்டிருந்தது என்று 2018-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஓராண்டு இளமை நோயாக எண்ணப்பட்டது. கோளாறே பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஒரு பிறந்தநாளைக் கேட்டுச் சரிபார்த்தால் தவிர்க்கக்கூடிய பிழையைக்கூட அவசரமான மருத்துவம் தவிர்க்கவில்லை என்பதே பொருள்.

பொதுமக்களின் அச்சமும் இதே இடைவெளியில்தான் முளைத்தது. 1970 ஜூனில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரின் பள்ளிக் குழந்தைகளில் 5 முதல் 10 விழுக்காட்டினர் நடத்தையை மாற்றும் மருந்து உண்கிறார்கள் என்று செய்தி வெளியிட்டது. அந்த எண்ணிக்கை மிகையானது. சிறப்புக் கவனிப்புப் பெற்ற குழந்தைகளுக்கான விழுக்காடு நகரத்துக் குழந்தைகள் எல்லோருக்குமாகப் படிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் சில மாதங்களில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. அடுத்த ஆண்டு அரசு அமைத்த வல்லுநர் குழு, தகுந்த குழந்தைக்குத் தகுந்த மேற்பார்வையில் இந்த மருந்து பயனுடையது, பள்ளியின் வற்புறுத்தலால் கொடுக்கப்படக்கூடாது என்று சொன்னது. 1971-இல் ஆம்ஃபெட்டமினும் மெத்தில்ஃபெனிடேட்டும் அமெரிக்காவில் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு உருவான ஐ.நா. உடன்படிக்கையும் அவற்றைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் மெத்தில்ஃபெனிடேட் இருப்பது அந்த உடன்படிக்கையின் தொடர்ச்சி. இந்தச் சட்டங்கள் மாத்திரையைப் பூட்டிவைத்தன, அதுவும் தேவைதான். ஆனால் மாத்திரையை எண்ணுவதும் குழந்தையைக் கவனிப்பதும் வேறு வேறு. எத்தனை மாத்திரை கொடுக்கப்பட்டது என்பதற்குக் கணக்கேடு வந்தது. அதை உண்ட குழந்தையின் எடை எவ்வளவு என்பதற்கு ஏடு கட்டாயமாகவில்லை. 1990-க்கும் 1995-க்கும் இடையே அமெரிக்காவில் மெத்தில்ஃபெனிடேட் உற்பத்திக்கு அனுமதிக்கப்பட்ட அளவு ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்தபோதும் நிலைமை அதுவே.

பக்கவிளைவுகளின் வரலாறும் இதே பாடத்தைச் சொல்கிறது. பசி குறைவதும், உறக்கம் தள்ளிப்போவதும், வயிற்றுவலியும் தலைவலியும் பெற்றோர் தாமே காணக்கூடியவை. மெல்ல வருபவை அளந்தால்தான் தெரியும். ஊக்கி மருந்து உண்ணும் குழந்தைகளின் வளர்ச்சி தடைப்படுகிறது என்று டேனியல் சேஃபரும் உடனாய்வாளர்களும் 1972-இல் எழுதினார்கள். பிராட்லியின் கட்டுரை வந்து அதற்குள் 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தனை காலம் காத்திருக்க வைத்தது உயரத்தை அளக்கும் கருவி இல்லாத குறையன்று. 1975-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெமொலின் என்ற மருந்து சில குழந்தைகளின் ஈரலைச் செயலிழக்கச் செய்தது. அது விலக்கப்பட 2005 வரை ஆயிற்று. அதே 2005-இல் திடீர் மரணச் செய்திகளால் கனடா ஒரு ஆம்ஃபெட்டமின் மருந்தின் விற்பனையைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தது. அந்த அச்சத்துக்கு விடை தேடிய ஆய்வு 12 லட்சம் குழந்தைகள், இளைஞர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம், திடீர் மரணம் ஆகியவை மருந்து உண்டவர்களிடம் கூடுதலாக இல்லை. பின்னாளில் போதைப் பழக்கத்துக்கு இது வழிவகுக்குமோ என்ற ஐயத்தை, 15 நெடுங்கால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பு உறுதிப்படுத்தவில்லை. போதையிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கையையும் அது உறுதிப்படுத்தவில்லை. மறுபுறம், பதின்பருவத்தினரும் இளைஞருமாக மருந்து தொடங்கியவர்களில் ஏறத்தாழ 660 பேரில் ஒருவருக்குப் புதிதாக உளப்பிறழ்வு (சைக்கோசிஸ்) அறிகுறி தோன்றியது என்றும், ஆம்ஃபெட்டமின் உண்டோரிடம் அது மெத்தில்ஃபெனிடேட்டைவிட அதிகம் என்றும் 2019-இல் தெரியவந்தது. ஆக, பெரிதாக அஞ்சியவற்றுள் சில பொய்த்தன, சிறிதாக எண்ணியவற்றுள் சில மெய்த்தன. எது எது என்பதை உரத்த குரல்கள் தீர்மானிக்கவில்லை. பொறுமையான பதிவேடுகள் தீர்மானித்தன.

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று 1999-இல் வெளிவந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 7 முதல் 9 வயதுக்குட்பட்ட 579 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாக்கி, 14 மாதம் சிகிச்சை கொடுத்த எம்டிஏ ஆய்வு அது. முதல் பிரிவுக்கு நன்கு திட்டமிட்ட மருந்துச் சிகிச்சை, இரண்டாவதற்கு நடத்தைப் பயிற்சி, மூன்றாவதற்கு இரண்டும், நான்காவது பிரிவினர் தங்கள் ஊர் மருத்துவரிடம் வழக்கம்போல் போகலாம். 14 மாத முடிவில் பெரும்பாலான அறிகுறிகள் தணிந்து வெற்றி என்று சொல்லத்தக்க நிலையை அடைந்தோர், இரண்டும் பெற்றவர்களில் 68 விழுக்காடு, மருந்து மட்டும் பெற்றவர்களில் 56, நடத்தைப் பயிற்சியில் 34, ஊர் மருத்துவரிடம் போனவர்களில் 25. இந்தக் கடைசி எண்ணில்தான் நம் கண் நிற்க வேண்டும். ஊர் மருத்துவரிடம் போன குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதே வகை மருந்துதான் உண்டார்கள். மருந்து ஒன்று, பலன் பாதி. வேறுபாடு எங்கே? ஆய்வின் மருந்துப் பிரிவில் முதல் மாதம் முழுவதும் வெவ்வேறு அளவுகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, அந்தக் குழந்தைக்குப் பொருந்தும் அளவைக் கண்டுபிடித்தார்கள். பிறகு மாதம் தோறும் அரைமணி நேரம் பெற்றோரோடும் குழந்தையோடும் பேசினார்கள்; ஆசிரியரிடமும் கேட்டறிந்தார்கள். ஊரிலோ ஆண்டுக்கு ஓரிரு சந்திப்பு, குறைந்த அளவு மருந்து, ஆசிரியரோடு தொடர்பு இல்லை. 62 ஆண்டுகளுக்குப் பிறகு, மிகக் கடுமையான முறையில், பிராட்லி இல்லத்தின் கவனிப்புக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஓர் எண் கிடைத்தது.

இதை மறுப்போர் சொல்வதற்கு வலுவுண்டு. ஆய்வின் மருந்துப் பிரிவினர் அதிக அளவு மருந்தை, நாளுக்கு இருமுறைக்குப் பதில் மும்முறை உண்டார்கள். வெற்றி கூடுதல் மருந்தால் வந்ததே தவிர கூடுதல் கவனிப்பால் அன்று என்பார்கள். ஆனால் அந்த அளவு எப்படி வந்தது? எவரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவில்லை. ஒவ்வொரு அளவிலும் குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அடைந்த அளவு அது. நடத்தைப் பயிற்சியும் சேர்ந்த பிரிவில் குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. கவனிப்பு என்பது அளவைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த அறிவு. இதைவிடக் கடினமான மறுப்பு இன்னொன்று உண்டு. மூன்றாம் ஆண்டில் மீண்டும் பார்த்தபோது நான்கு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு மறைந்திருந்தது. மருந்தின் பலன் தேய்ந்துபோகிறது, ஆகவே முழு முயற்சியும் வீண் என்று பலர் இதைப் படித்தார்கள். ஆனால் 14 மாதத்தோடு ஆய்வுச் சிகிச்சை முடிந்துவிட்டது. எல்லோரும் ஊர் மருத்துவத்துக்குத் திரும்பினார்கள். மருந்தைத் தொடங்கியவரும் நிறுத்தியவரும் பிரிவு தாண்டிக் கலந்தார்கள். உடல் நாளடைவில் மருந்துக்குப் பழகிப்போவதும் ஒரு காரணமாக இருக்கலாம்; அதை நான் மறுக்கவில்லை. எப்படிப் படித்தாலும், குழந்தைப் பருவத்தில் ஓராண்டு கொடுத்த நல்ல சிகிச்சை பின்வரும் ஆண்டுகளுக்குச் சேமிப்பாகாது என்பது உறுதி. நிறுத்திய நாளே மறைகிறது என்று பிராட்லி 1937-இல் சொன்னதன் நீட்சிதான் இது. அதே ஆய்வு உயரத்துக்கும் விடை தந்தது. மூன்றாண்டில், புதிதாக மருந்து தொடங்கியவர்கள் மருந்தே உண்ணாத ஏடிஎச்டி குழந்தைகளைவிட ஏறத்தாழ 2 செ.மீ. உயரமும் 2.7 கிலோ எடையும் குறைவாக இருந்தார்கள். பெரியவர்களான பின்னும் நெடுங்காலம் மருந்து உண்டோரிடம் 2 செ.மீ.க்கு மேற்பட்ட குறைவு நின்றது. இது பேரழிவன்று, ஆனால் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய விலை.

இன்னொரு மறுப்பு அறம் சார்ந்தது. அடங்கி உட்காரும் குழந்தை ஆசிரியருக்கு வசதி. குழந்தைக்கு என்ன லாபம்? இந்தக் கேள்வியைச் சிறுமைப்படுத்தக்கூடாது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏடிஎச்டி உள்ள 173 குழந்தைகள் மெத்தில்ஃபெனிடேட் உண்ட நாட்களில் வகுப்பு வேலையை அதிகமாக முடித்தார்கள், விதிகளைக் குறைவாக மீறினார்கள். ஆனால் புதிதாகக் கற்பித்த பாடத்தை, மருந்தில்லாத நாட்களைவிட அதிகமாகக் கற்றுக்கொள்ளவில்லை. கணக்கு மாத்திரை கணக்குகளைப் போட வைக்கும். கணக்கைச் சொல்லித்தரும் வேலை ஆசிரியருடையதாகவே இருக்கும். பெரிய தொகுப்பாய்வுகளும் இதற்கு இசைவானவையே. 133 ஆய்வுகளைச் சேர்த்த 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பு, குறுகிய காலத்தில் குழந்தைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் முதல் தேர்வாகலாம் என்றது. 185 ஆய்வுகளைப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பு பலன் தெரிகிறது, ஆனால் சான்றின் தரம் மிகத் தாழ்வு என்றது. இரண்டும் முரண்படுவதாகச் சொல்வார்கள். குறுகிய காலத்தில் அறிகுறி தணிகிறதா என்ற கேள்விக்கு இரண்டும் ஆம் என்கின்றன. நெடுங்காலத்தில் வாழ்க்கை மாறுகிறதா என்ற கேள்விக்கு இரண்டிலும் உறுதியான விடை இல்லை. ஒவ்வொரு நாளும் திட்டும் தண்டனையும் தோழர்களின் ஒதுக்கலும் வாங்கும் குழந்தைக்கு அறிகுறி தணிவது சிறிய பேறு அன்று. அமைதியான சில மணி நேரங்கள் அவனுக்குக் கிடைக்கின்றன. அந்த நேரத்தில் யார் அவனுக்குக் கற்பிக்கிறார்கள், யார் பேசுகிறார்கள் என்பதை மாத்திரை தீர்மானிக்காது. வெறும் வசதிக்காக அடக்கப்படுகிறானா, தனக்காக உதவப்படுகிறானா என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது. பள்ளிக்கு முந்தைய வயதினருக்கு முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி, பிறகே மருந்து என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் வகுத்திருப்பதும் இந்த வரிசையை மதித்துத்தான்.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. செல்வந்தர் கட்டிய இல்லத்தில் நடந்ததை நெரிசல் மிகுந்த மருத்துவமனையில் எதிர்பார்க்கலாமா? பிராட்லி இல்லத்தை ஊர்தோறும் கட்டச் சொல்வது என் நோக்கமன்று. பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பு 2018-இல் வகுத்த வழிகாட்டுதல் கேட்பது என்ன? ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், 10 வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, ஒவ்வொரு முறை அளவை மாற்றும் முன்னும் பின்னும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருந்து இன்னும் தேவையா என்ற மறுபரிசீலனை. இதற்கு வேண்டியவை ஓர் அளவுநாடா, ஓர் எடைக்கருவி, ஒரு ரத்த அழுத்தக் கருவி, ஒரு நோட்டுப் புத்தகம், ஆசிரியரிடமிருந்து ஒரு பக்கக் குறிப்பு. எந்தச் சிற்றூர் சுகாதார நிலையத்திலும் இருக்கக்கூடியவை இவை. பற்றாக்குறை கருவியில் இல்லை, நேரத்தை ஒதுக்கும் மனத்தில் இருக்கிறது. பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை அளவைக் குறைத்தால், உண்ணும் நேரத்தை மாற்றினால், வேறு மருந்துக்கு மாறினால் தணியக்கூடியவை. ஆனால் யாராவது பார்த்திருந்தால் மட்டுமே. இந்தக் குறைந்த அளவு கவனிப்புக்கும் வழியில்லாத இடத்தில் மருந்தைத் தொடங்குவது சரியா என்று கேட்டால், வழியை முதலில் செய்யுங்கள் என்பதே என் விடை.

1937-ஆம் ஆண்டுச் சோதனையில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு: மருந்தை நிறுத்திய பின் வந்த நாட்கள். பலன் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் பிராட்லி மருந்தை நிறுத்திப் பார்த்தார். மாற்றம் மருந்தால் வந்ததா, தானே வந்ததா, இந்தக் குழந்தைக்கு இது வேண்டுமா என்பதற்கு அந்த நாட்களே விடை சொல்லின. பின்வந்த தொண்ணூறு ஆண்டு நடைமுறையில் அதிகம் தொலைந்தது அந்த நாட்கள்தான். தொடங்குவதற்கு நாள் குறிக்கப்படுகிறது. நிறுத்திப் பார்ப்பதற்கு யாரும் நாள் குறிப்பதில்லை. வளரும் குழந்தை ஆண்டுக்கு ஆண்டு வேறொரு குழந்தை. எட்டு வயதில் தேவைப்பட்டது பன்னிரண்டில் தேவைப்படாமல் போகலாம், அல்லது இன்னும் தேவைப்படலாம். அதை அறிய மருந்தில்லாத சில நாட்களும், அந்த நாட்களில் குழந்தையைப் பார்த்து எழுதும் ஓர் ஆசிரியரும் ஒரு பெற்றோரும் வேண்டும். மாத்திரைக்குக் கணக்கு மாத்திரை என்று பெயரிட்ட அந்தச் சிறுவர்கள் அதன் பலனைத் தாங்களே உணர்ந்து சொன்னார்கள்; அதை யாரோ காதுகொடுத்துக் கேட்டு எழுதிவைத்ததால்தான் அது இன்று நமக்குத் தெரிகிறது. மருந்துச்சீட்டை நீட்டும் ஒவ்வொரு கையும் அந்தக் காதையும் சேர்த்தே கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.